தொட்டி நின்ற இடமெல்லாம்

மேலப்பாண்டூர் தண்ணீர்த் தொட்டி கால் எடுத்து நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு. இவ்வளவு துல்லியமாக நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் டீக்கடையின் தகரக் கூரையை அந்தத் தொட்டியின் ஆறு தூண்களில் வடகிழக்குத் தூணோடு கம்பி போட்டுக் கட்டியிருந்தேன், தூண் கிளம்பியதும் கூரையும் கூடவே கிளம்பிவிட்டது, நான் கையில் வடிகட்டியோடு வெட்டவெயிலில் நின்றேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் கூரை போன திசையைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள், "ஞானதுரை அண்ணாச்சி, சீனி கம்மியா" என்றார்கள். அறுபதடி உயரத் தொட்டி ஊரை விட்டு நடந்து போகிறது, இவன்களுக்குச் சீனி கம்மியாக வேண்டுமாம்! எங்கள் பக்கத்து ஆட்கள் அப்படித்தான், எதற்கும் லேசில் வாயைப் பிளக்க மாட்டார்கள்.

வாயைப் பிளக்காததற்கு நியாயமும் இருந்தது. முப்பத்தேழு ஊர்க் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று அந்தத் தொட்டியின் வயிற்றில் நீலப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. எண்பது கிலோமீட்டர் தள்ளி ஓடுகிற ஆற்றிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வந்து, தொட்டியில் ஏறி, அங்கிருந்து முப்பத்தேழு ஊருக்கும் இறங்கும், இறங்கின இடமெல்லாம் தொழில் பெருகும் என்று திறப்பு விழா மைக்கில் சொன்னார்கள். அப்புறம் குழாய் உடைந்தது, சரி செய்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி உடைந்தது, மோட்டார் கருகியது, கரண்ட் போனது, ஒன்பது நாளைக்கு ஒருமுறை வந்த தண்ணீர் முதல் இருபது ஊரைத் தாண்டும்போதே மூச்சு வாங்கியது, முப்பத்தாறாவது ஊரில் குழாய் வெறும் காற்றைக் கக்கியது, முப்பத்தேழாவது ஊரான உப்போடைக்கு அந்தக் காற்றும் போய்ச் சேரவில்லை. தண்ணீர் வரமாட்டேன் என்றால் தொட்டிதானே போக வேண்டும், இதில் என்ன அதிசயம் என்று எங்கள் ஊர்ப் பெண்கள் கேட்டார்கள். கேட்டுவிட்டு அவரவர் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்தார்கள்.

தொட்டிக்கு ஆப்பரேட்டர் பூலம்மாள். அவள் அந்த உப்போடைக்காரி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்த வேலை கிடைத்த அன்று தெருவைக் கூட்டி வைத்து, "ஒரு நாளைக்காவது நம்ம தெருவில தண்ணி விட்டுக் காட்டுதேன், பாத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு வந்தவள். அன்றைக்கு உப்போடையில் அறுபத்துநாலு வீடு. தண்ணீர் இல்லாத ஊருக்கு எவன் பெண் கொடுப்பான்? பையன்களுக்குக் கல்யாணம் நடக்கவில்லை, கல்யாணம் நடக்காத பையன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள், போனவன் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டான், மாசத்துக்கு ஒரு வீடு என்று பூட்டு விழுந்தது. தொட்டி நடந்த அன்று அங்கே இருபத்திரண்டு வீட்டில்தான் அடுப்பு எரிந்தது. பத்து வீட்டுக்குக் கீழே போனால் ஊர்ப் பட்டியலிலிருந்தே பேரை அடித்துவிடுவார்கள் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

பூலம்மாள் புருஷனும் திருப்பூரில்தான் இருந்தான். மாசாமாசம் போன் போட்டு "வந்துரு" என்பான். "தண்ணி விட்டுட்டு வாரேன்" என்பாள். ஒன்பது வருஷமாக இதே பேச்சு. தெருக்காரர்கள் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதை எப்போதோ விட்டுவிட்டார்கள். வேலை முடிந்து அவள் தெருவில் நுழைந்தால், "தண்ணிக்காரி வாரா, சேலையைத் தூக்கிப் பிடிங்க, நனைஞ்சிரும்" என்று யாராவது சொல்வார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள். அவள் நேரே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

நடந்த தொட்டி முதலில் போய் நின்றது சங்கன்திரடு என்ற ஊரின் வெளியே, வேலிக்கருவை மண்டிக் கிடந்த ஒரு காட்டில். அங்கே பன்னிரண்டு நாளாகத் தண்ணீர் வராமல் இருநூறு குடம் வரிசையில் கிடந்தது. தொட்டி அந்த வரிசைக்கு மேலே கால்களை அகட்டி நின்றது, அறுந்து தொங்குகிற குழாயோடு, வயிறு நிறையத் தண்ணீரோடு. எங்கிருந்து அந்தத் தண்ணீர் என்று விசாரிக்க உதவிப் பொறியாளர் கோகிலவாணி மேடம் ஜீப்பில் வந்தார்.

"மெயின் குழாயே இல்லாம எப்படிம்மா நிறையுது?"

"குழாய் இருந்தப்போ நிறையலையே மேடம், அப்போ வந்து கேட்டியளா?" என்றாள் பூலம்மாள்.

மேடம் கொஞ்ச நேரம் மேலே பார்த்தார், கொஞ்ச நேரம் கீழே பார்த்தார், கோப்பில் "பராமரிப்புப் பணி நடைபெறுகிறது" என்று எழுதினார், என்னிடம் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். நல்ல மனுஷி, காரியத்தைக் கெடுக்கவில்லை.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், சொல்லாமலும் இருக்க முடியாது. தொட்டி நின்ற மறுநாள் அதன் நிழலில் என் டீக்கடை வந்தது, என் பின்னாலேயே பரோட்டாக் கடை வந்தது, பரோட்டா தின்ன வந்த லாரிக்காரனுக்காகப் பஞ்சர் கடை வந்தது, பஞ்சர் ஒட்டும் வரை சும்மா நிற்பவனுக்காக செல்போன் கடை வந்தது, செங்கல் சூளை வந்தது, நர்சரிச் செடிக்காரன் வந்தான், கல்யாண மண்டபம் வந்தது, மண்டபம் வந்ததும் கல்யாணம் வந்தது, கல்யாணம் வந்ததும் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம் எதற்கும் முன்கூட்டியே வந்துவிட்டது, ஆடு கூட மேயாத அந்தக் காட்டில் கலர்க் கொடி நட்டு மனைக்கல் ஊன்றினார்கள், நேற்று வரை அதை யாருக்காவது சும்மா கொடுத்தால் போதும் என்றிருந்த காட்டுக்காரர் இன்று சட்டையில் பேனா குத்திக்கொண்டு யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். எல்லாம் நாற்பது நாளில். அந்த இருநூறு குடமும் திரும்பத் திரும்ப நிறைந்து, வரிசை நாளுக்கு நாள் குட்டையாகி, கடைசியில் யாரும் நிற்கத் தேவையில்லை என்று ஆன அன்று தொட்டி கால் எடுத்தது. அடுத்த ஊருக்கு நடந்தது.

அது போனதும் பரோட்டாக் கடையும் போனது, பஞ்சர் கடையும் போனது, மணமேடையைப் பிரித்து மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு மண்டபமும் போனது. போகப் போக எல்லாருக்கும் பழகிவிட்டது. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில், "இடம்: தொட்டி அருகில் (அன்றைய தேதியில் எங்கே நிற்கிறதோ அங்கே)" என்று தனியாக ஒரு வரியைத் தயாராகவே வைத்திருந்தார்கள். பஸ் கண்டக்டர் பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பும்போதே "தொட்டி இன்னைக்கு எங்கப்பா நிக்கி?" என்று எனக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் விசில் கொடுப்பார். பையனுக்கு என்ன வேலை என்று பெண் வீட்டார் கேட்டால், தொட்டியோடு போகிற வேலை என்றால் மறுபேச்சில்லாமல் வெற்றிலை மாற்றினார்கள். தொட்டி விட்டுப்போன எங்கள் மேலப்பாண்டூரில் மட்டும் பெரிய கல்யாண மண்டபத்தில் ஆடு கட்டினார்கள். நான் ஆறு இடம் மாறி, ஆறு தரம் அடுப்புக் கட்டி, ஏழாவது தரம் போங்கடா என்று கடைக்கு அடியில் நாலு சக்கரம் போட்டுவிட்டேன்.

எல்லாரும் தொட்டியின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோது, அது எதன் பின்னால் ஓடுகிறது என்று பார்த்தவள் பூலம்மாள் ஒருத்திதான். கீழ்க் குழாய் அறுந்த பிறகு, தண்ணீர் திறக்க வேண்டுமென்றால் எண்பத்துநாலு படி ஏறி வயிற்றடியில் இருக்கிற வால்வைத்தான் திருக வேண்டும். மேலேயிருந்து அவளுக்குச் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும். ஒருநாள் இறங்கி வந்து, கண்ணெல்லாம் பளபளக்க என் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, யாருகிட்டயும் சொல்லிராதிய. அது குடத்தைப் பாத்துப் போகுது. நிக்கிற இடத்துக்குப் பக்கத்துல எந்த ஊரு வரிசை ரொம்ப நாளா நிக்கோ, அந்த ஊருக்குப் போகுது."

"குடம் நிக்கிறது அதுக்கு எப்படித் தெரியும்?"

"குடம்னா என்ன அண்ணாச்சி, ஆளுதானே."

அது வாஸ்தவம். எங்கள் பக்கத்தில் வரிசையில் குடத்தை வைத்துவிட்டால் ஆளே நிற்கிற மாதிரி. வைத்தவள் காட்டு வேலைக்குப் போகலாம், பிள்ளை பெற்றுக்கொண்டு வரலாம், அந்த இடம் அவளுடையதுதான். ஜென்மப் பகையாளி குடமாக இருந்தாலும் யாரும் தொட்டு நகர்த்த மாட்டார்கள், அதன் முறை வந்தால் எதிரிக்காரியே பிடித்து வைப்பாள். குடத்தின் கழுத்தில் சூட்டுக் கம்பியால் பெயர் எழுதியிருக்கும். உப்போடைக் குடங்களில் அந்தப் பெயரும் தேய்ந்து, குடமே வெயிலில் நின்று நின்று சிவப்பா பச்சையா என்று சொல்ல முடியாத ஒரு நிறமாகியிருந்தது. ஒன்பது வருஷமாக அவை ஒரு தரம் கூட நிறையவில்லை.

"அப்போ அடுத்தது..." என்றேன்.

"எங்க ஊருதான் அண்ணாச்சி! இன்னும் ரெண்டே ஊரு. கணக்கா எங்க ஊருதான்." பூலம்மாள் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

இனிமேல் சொல்லப்போவது என் யோக்கியதை. என் வாய் இருக்கிறதே, அதைத் தைத்துப் போட்டிருக்க வேண்டும். மறுநாள் மனை வியாபாரி இசக்கிதுரை டீ குடிக்க வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன், எங்கே தொட்டி போகும் என்று தெரியாமல் நாலு பக்கமும் நிலம் வாங்கிப் போட்டுவிட்டுத் தூக்கம் இல்லாமல் திரிகிறவர். "இந்தச் சனியன் எதைப் பாத்துத்தான் போகுது, ஞானதுரை?" என்று சலித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்த ஒன்று அவ்வளவு பெரிய மனுஷருக்குத் தெரியவில்லையே என்ற பெருமையில் நான் சொல்லிவிட்டேன். டீக்குச் சில்லறை கூட வாங்காமல் எழுந்து ஓடினார்.

முதலில் லாரி நிறையப் புதுக் குடம் இறக்கி, பொன்நகர் என்று பெயர் வைத்திருந்த தன் பொட்டல் காட்டில் வரிசை வைத்தார். தொட்டி பாதி வழி வந்தது, குனிந்து பார்த்த மாதிரி நின்றது, திரும்பி அடுத்து முறை வந்த ஊருக்கே போய்விட்டது. ஒருநாள் கூடக் காத்திருக்காத குடத்தை அதற்கு அடையாளம் தெரிந்தது. இசக்கிதுரை லேசுப்பட்ட ஆளில்லை, காத்திருந்த குடம் எங்கே இருக்கிறது என்று விசாரித்தார், விசாரித்தால் எந்த ஊர்ப் பெயர் வரும்? மறுநாளே உப்போடைக்கு வண்டி போனது. பூட்டின வீட்டுக் குடம், பூட்டாத வீட்டுக் குடம், ஓட்டை அடைத்த குடம் எல்லாவற்றுக்கும் மாசவாடகை. தெருவே குடத்தைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து வண்டியில் ஏற்றியது. மகனை வெளியூர் வேலைக்கு அனுப்புகிற மாதிரி ஒரு கிழவர் குடத்தின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

பூலம்மாள் ஓடிப்போய் வண்டிக்குக் குறுக்கே நின்றாள். பக்கத்து வீட்டுச் சொர்ணக்கிளி, அவளுக்கு மதினி முறை, தன் குடத்தை அவள் தலைக்கு மேலாகவே நீட்டி வண்டியில் கொடுத்தாள்.

"மதினி, கொடுக்காதிய! இன்னும் ஒரே ஊருதான், அடுத்து நம்ம முறை. குடத்தை அனுப்பிட்டு எதை வச்சு நிக்கப் போறோம்?"

"ஒம்பது வருசமா நீ சொன்ன முறைதானட்டி இது? எங்குடம் சும்மா கெடந்துச்சு, இப்போ சம்பாதிக்கப் போகுது. நீயும் சம்பளம் வாங்குதே, தண்ணியா கொண்டாந்தே? விடு வழிய."

வண்டி போய்விட்டது. இரண்டு நாளில் தொட்டி பொன்நகரில் வந்து நின்றது.

அடேயப்பா, அந்தப் பொன்நகர் வளர்ச்சி இருக்கிறதே! முந்தின ஊர்களிலெல்லாம் நாற்பது நாள், ஐம்பது நாள் நின்ற தொட்டி, இங்கே அசையவே இல்லை, ஏனென்றால் இசக்கிதுரை ஒரே ஒரு காரியத்தில் உறுதியாக இருந்தார்: புதுசும் பழசுமாகக் கிடந்த எழுநூறு குடத்தில் ஒன்றில் கூட ஒரு சொட்டுத் தண்ணீர் விழக் கூடாது. விழுந்தால் வரிசை கலையும், கலைந்தால் தொட்டி போகும், போனால் ஊரே போகும். மனை வாங்கினவர்களுக்குத் தனிக் குழாயில் தண்ணீர் தாராளமாகப் போனது, குடங்கள் மட்டும் நிறைந்த தொட்டிக்கு நேர் கீழே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன, காவலுக்கு இரண்டு ஆள், மழை தூறினால் மேலே போர்த்தத் தார்ப்பாய். நிழல் விழுந்த இடத்தில் மூன்று மாடியில் ஜவுளிக்கடை வந்தது, பல் ஆஸ்பத்திரி வந்தது, ஐஸ் கம்பெனி வந்தது. வெளி மாவட்டங்களிலிருந்து அதிகாரிகள் பஸ் பிடித்து வந்து, குடிநீர்த் திட்டம் வட்டாரத்தை எப்படி உயர்த்துகிறது என்று குறிப்பெடுத்து, குடங்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நானும் சம்பாதித்தேன், மறைப்பானேன்.

உப்போடையில் என்ன நடந்தது தெரியுமா? குட வாடகை மாசாமாசம் ஒழுங்காக வந்தது. அந்த வாடகையில் திருப்பூருக்கு வண்டிக்கூலி கொடுத்து ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிவிட்டது. இருபத்திரண்டு பதினெட்டானது, பதினெட்டு பதினாலானது, ஆடி பிறந்தபோது பதினொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூலம்மாள் என் கடைக்கு வந்து, உட்காராமல், "சொர்ணக்கிளி மதினி வீடும் பக்கத்து வீடும் இன்னைக்கு சாயங்காலம் போகுது அண்ணாச்சி. மினி லாரி சொல்லியாச்சு" என்றாள். போனால் ஒன்பது. பட்டியலில் பேர் இருக்காது.

"என் வாயாலதான் வந்துச்சு பூலம்மா" என்றேன். அதுவரை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஓஸ் குழா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

பத்து மணிக்கு எண்பத்துநாலு படி ஏறி வால்வைத் திறந்தாள். ஓஸை நான் பிடித்துக்கொண்டேன். முதல் குடம், இரண்டாவது குடம், மூன்றாவது குடம் என்று வரிசைப்படி, ஒன்றைக் கூடத் தாண்டாமல் நிறைத்துக்கொண்டு போனோம். பத்தாவது குடத்தில் காவல்காரர்கள் வந்தார்கள், வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். முறை வந்த குடத்தைத் தடுக்க அவர்களுக்குக் கை வரவில்லை, அவர்களுடைய அம்மாமாரும் குடம் வைத்து நின்றவர்கள்தானே. இசக்கிதுரை காரை விட்டு இறங்கி வந்து, "பூலம்மா, வேணாம்! இந்த வட்டாரமே இந்த வரிசையிலதான் நிக்கி! உனக்கு ஒரு மனை எழுதித் தாரேன், ரெண்டு தாரேன்" என்று கத்தினார். கத்தினாரே தவிர அவரும் ஒரு குடத்தையும் தொடவில்லை. மூன்றரை மணிக்கு எழுநூறாவது குடம் தளும்பியது. வால்வை மூடிவிட்டு அவள் இறங்கி மண்ணில் கால் வைத்ததும் தொட்டி கால் எடுத்தது.

ஜவுளிக்கடையில் உடனே ஷட்டரை இழுத்தார்கள். எல்லார் கையிலும் போன். தொட்டி கிளம்பிவிட்டது, குடத்தை எடுத்து வையுங்கள், பழைய குடமாக வையுங்கள் என்று முப்பத்தாறு ஊரும் அலறியது. நான் என் டிவிஎஸ் வண்டியைக் கிளப்பினேன். பூலம்மாள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

உப்போடையில் மினி லாரியில் கட்டில் ஏற்றி, பீரோ ஏற்றி, சொர்ணக்கிளி முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். பூலம்மாள் வண்டியிலிருந்து குதித்து, நேரே தெரு நடுவில், எப்போதும் முதல் குடம் வைக்கிற இடத்தில் போய் மேற்கே பார்த்து நின்றாள்.

"என்னட்டி இது? குடம் எங்க?" என்றாள் சொர்ணக்கிளி.

"குடம் இல்லை. நானே நிக்கேன்."

"கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு?"

"இருக்கட்டும் மதினி. நீங்க கிளம்புங்க, இருட்டிரும்."

டிரைவர் சாவியைத் திருகினான். சொர்ணக்கிளி பூலம்மாள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன நினைத்தாளோ, கதவைத் திறந்து இறங்கி, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, அவளுக்குப் பின்னால் போய் நின்றாள். அதைப் பார்த்து அவள் மாமனார் வந்தார், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள், பதினொரு வீட்டு ஆட்களும் வந்தார்கள், முப்பத்துநாலு பேர் அந்த வெயிலில் குடம் நிற்கிற மாதிரி ஒருவர் பின்னால் ஒருவராக நின்றார்கள். எனக்கு நிற்க உரிமை இல்லை, நான் வேற்றூர்க்காரன், ஓரமாக நின்றுகொண்டேன்.

தொட்டி கரிசல் காட்டின் நடுவில் வந்து நின்றது. வடக்கே குடம், மேற்கே குடம், தெற்கே ஒரு ஊரில் அண்டா குண்டாவெல்லாம் வெளியே வந்திருந்தது. அது ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. எனக்குத் தெரிந்த சாமி பேரையெல்லாம் நான் சொன்னேன், என் சாமி உங்கள் சாமி என்று பார்க்கவில்லை. அப்புறம் அது எங்களைப் பார்த்து நடந்து வந்தது. ஒரு ஓடு நொறுங்காமல், தெருவுக்கு இந்தப் பக்கம் மூன்று காலும் அந்தப் பக்கம் மூன்று காலும் வைத்து, உப்போடைக்கு மேலே நின்றது.

பூலம்மாள் ஏறினாள். வால்வைத் திறந்தாள். தண்ணீர் விழுந்தது.

ஒருத்தரும் நகரவில்லை. முப்பத்துமூன்று பேர் நிற்கிறார்கள், முன்னால் ஒரு ஆள் இடம் காலியாக இருக்கிறது, அந்தக் காலி இடத்தில் தண்ணீர் கொட்டிக் கொட்டித் தெருவில் ஓடுகிறது, ஒன்பது வருஷத்துத் தாகம், ஒருத்தர் கூட அந்த இடத்துக்குள் கையை நீட்டவில்லை. சொர்ணக்கிளி அண்ணாந்து பார்த்து அடித்தொண்டையில் கத்தினாள்.

"ஏட்டி பூலு! எறங்கி வாட்டி! ஒன் முறைதானே மொதல்ல! நீ குடிக்காம நாங்க எப்படிட்டி குடிக்க?"

அவள் எண்பத்துநாலு படியும் அழுதுகொண்டே இறங்கி வந்தாள். எனக்கும் தாங்கவில்லை, துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். முதல் இடத்தில் வந்து நின்று, இரண்டு கையையும் குழித்து நீட்டினாள்.

நீட்டின கை அப்படியே நின்றது. அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை. தொட்டியின் கால்களைப் பார்த்தாள், சாவி கூட எடுக்காமல் நின்ற மினி லாரியைப் பார்த்தாள், பூட்டின வீடுகளைப் பார்த்தாள். முப்பத்துநாலு பேர் ஒரு வாய் குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? குடித்து முடித்தால் வரிசை இல்லை. அவளுக்கு விளங்கின பிறகுதான் எனக்கு விளங்கியது. கையை இறக்கினாள், விலகினாள், வரிசை ஓரமாகவே நடந்து போய்க் கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"எனக்கு அப்புறம். நீங்க குடிங்க மதினி" என்றாள்.

ஒவ்வொருவராகக் குடித்தார்கள், முகத்தில் அடித்துக்கொண்டார்கள், சிரித்தார்கள், புரை ஏறியது. அவளுக்கு முன்னால் கடைசியாக நின்ற கிழவர் குடித்து மீசையைத் துடைத்தபோது, தொட்டியின் முன்கால் ஒன்று மண்ணை விட்டு ஒரு சாண் எழும்பியது. தெருவே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் இன்னும் குடிக்கலை" என்றாள் தொட்டியிடம்.

அந்தரத்தில் நின்ற கால் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கீழே இறங்கியது.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. உப்போடையில் பூட்டின வீடெல்லாம் திறந்து, மாடி ஏறி, இடம் போதாமல் கிழக்கே நீண்டு, பெண் கொடுக்க வெளியூரிலிருந்து கார் வருகிறது. ஜவுளிக்கடை வந்துவிட்டது, பல் ஆஸ்பத்திரி வந்துவிட்டது, இசக்கிதுரை வந்து பூலம்மாள் நகர் என்றே பெயர் வைத்து மனை விற்கிறார். அவள் புருஷனும் திருப்பூரிலிருந்து வந்துவிட்டான். அவன் பிடித்து வருகிற தொட்டித் தண்ணீரில் அவனுக்கு உலை வைக்கிறாள், தனக்கு இரண்டு மைல் தள்ளி ஓடையில் தோண்டின ஊற்றிலிருந்து உப்புத் தண்ணீர் எடுத்து வந்து தனியாக வைத்துக்கொள்கிறாள். தினமும் காலையில் வரிசைக்கு வருகிறாள், கடைசியில் நிற்கிறாள், எல்லாரும் பிடித்து முடித்ததும் வால்வை மூடிவிட்டு வெறுங்கையோடு போகிறாள். முதல் வருஷம் காலில் விழுந்தார்கள். இரண்டாம் வருஷம் பழகிவிட்டது. இப்போது குடியேறின புதுசுகள், யார் அந்த அம்மா, ஏன் எப்போதும் பின்னாலேயே நிற்கிறார்கள் என்று கேட்கிறார்கள். கோகிலவாணி மேடம் மாசாமாசம் டாக்டரை அனுப்பி அவள் உடம்பைப் பார்க்கச் சொல்கிறார். கல்யாண வீடுகளில் அவள் இலைக்கு ரசம் போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போட்டிருக்கிறார்கள். சொர்ணக்கிளி வாரத்துக்கு ஒரு தரம் அவள் கையைப் பிடித்து, "ஒரு வாய் குடிச்சிருட்டி, போனாப் போகுது" என்று அழுவாள். மனசோடுதான் சொல்கிறாள், ஆனால் சொல்லும்போது கண் தொட்டியின் காலுக்குப் போய்விடும்.

என் கடையும் அங்கேதான், சக்கரத்தைக் கழற்றிவிட்டேன். விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த ஊற்றுக்குப் போய் ஒரு கேன் பிடித்து வருகிறேன். அதில் பால் விட்டால் திரிந்துவிடும், அதனால் கட்டன் சாயா, அவளுக்கென்று தனிச் சட்டி, தனி கிளாஸ். என் வாய் செய்ததற்கு என் கை செய்கிறது, வேறு என்ன சொல்ல.

நேற்றுக் காலை டீயைக் குடித்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணாச்சி, அந்தத் தண்ணி எப்படி இருக்கும்?"

என்னத்தைச் சொல்வேன்? நாக்கில் பட்டதும் நெஞ்சு வரை குளிர்கிற தண்ணீர் அது. அதில் டீ போடவே எனக்கு மனசு வராது, முதலில் ஒரு செம்பு சும்மா குடித்துவிட்டுத்தான் அடுப்பையே பற்றவைப்பேன்.

"சப்புன்னு இருக்கும் பூலம்மா. அதுல ஒண்ணும் இல்லை" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கும்போல" என்றாள். மீதி டீயை ஒரே மடக்கில் குடித்து, கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டு, வரிசையில் தன் இடத்தில் போய் நின்றாள்.